வௌவாற்கடியும் ஜலபய நோயும்

வெறிநாய்க்கடியைப் பற்றிக் கேள்விப்படாதார் நம் நாட்டில் இலர். நாய் கடித்தவுடன் அதற்கு வெறியுண்டோவென்று விசாரித்தலும், கடிபட்டவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதலும் சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டன. ஆனால், அந்நோயை வௌவாலும் மனிதருக்குக் கொடுக்கக்கூடும் என்பதும், உலகத்தின் சில பாகங்களில் அதனால் உயிர் துறந்தோர் உளர் என்பதும் நம்மவரிற் பலர் அறியாத செய்திகள். நோயின் இயல்பு, வௌவாலுக்கும் அதற்குமுள்ள தொடர்பு வெளிப்பட்ட வரலாறு, அதனைத் தடுக்கச் சுகாதார இலாகாவினர் கைக்கொள்ளும் வழிகள் ஆகிய இவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைப்போம்.

நோயின் இயல்பு

ஜலபயம், நீர்வெறுப்பு, ரேபீஸ் எனப் பல பெயர்களால் வழங்கும் இந்நோய், லிஸ்ஸா வைரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த நுண்கிருமிகளால் உண்டாவது. துப்பாக்கிக் குண்டின் வடிவத்தையுடைய இக்கிருமி, நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் தங்கியிருந்து, அது கடிக்கும்போது கடிவாயின் வழியே தசையினுட் புகுகின்றது. புகுந்தபின், இரத்த ஓட்டத்தோடு உடலெங்கும் விரையாமல், நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகின்றது. மூளையை அடைந்ததும் அங்கே பெருகி, மீண்டும் நரம்புகளின் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வந்து சேருகின்றது. அடுத்த உயிரைப் பற்றுதற்கு அஃது அமைத்துக்கொண்ட வழி இதுவே.

நோய் வெளிப்படும் வகை இரண்டு. ஒன்று வெறி வகை. இதில் நோயாளி மனங்கலங்கித் துடிப்பான். தண்ணீரைக் கண்டாலும் தொண்டை இசிவு கொள்ளும். காற்று மேலே பட்டாலும் அஞ்சுவான். மற்றொன்று வாத வகை. இதில் வெறியும் நீரச்சமும் மிகுதியாகத் தோன்றா. கைகால்கள் செயலற்றுப்போய், அச்செயலின்மை மேன்மேல் ஏறி, இறுதியில் மூச்சு நின்றுவிடும். ஜலபயமென்றால் வெறி வகையையே நினைப்பது மனிதர் வழக்கமாதலின், வாத வகை பல சமயங்களில் வேறு நோயாக எண்ணப்பட்டு வந்தது. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னே கூறப்போகும் வரலாறு இதனைப் பற்றியதே.

இந்நோயில் யாவரும் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நோயின் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர் உலகத்தில் மிகச் சிலரே. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், வௌவால் கடித்த பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியை மருந்தினால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து வைத்தியர் காப்பாற்றினர். தடுப்பூசி பெறாமலேயே நோய்கண்டு பிழைத்தவர் முதன்முதல் அப்பெண்ணே. ஆயினும், அம்முறையைப் பிற்பாடு பல நோயாளிகளிடம் கையாண்டும் பெரும்பாலும் பயன் கிட்டவில்லை. ஆனால், கடிபட்ட நாளுக்கும் குறிகள் தோன்றும் நாளுக்கும் இடையே பொதுவாக ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரையில் இடைவெளி உண்டு. சிலரிடம் சில வாரங்களே. சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் நீளும். அவ்விடைவெளியில், காலந்தாழ்த்தாது தக்க சிகிச்சை செய்தால் நோய் தோன்றாமலே தடுத்துவிடலாம். பின்னர் வந்தால் தீராத நோயை முன்னர்த் தடுக்க இயற்கை தந்துள்ள தவணை அது. அதனைப் பயன்படுத்துவதற்கு ஒன்றே வேண்டும்: கடி நேர்ந்தது என்று அறிதல். நாய் கடித்தால் அதனை அறியாதார் இல்லை. வௌவால் கடித்தாலோ, அறியாமலே இருந்துவிடக் கூடும். வௌவாலால் வரும் ஜலபயத்தின் அபாயம் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

திரினிடாட் தீவின் வரலாறு

தென் அமெரிக்காவின் வடகரைக்கு அண்மையில், வெனிசுவேலா நாட்டை அடுத்து, திரினிடாட் என்னுந் தீவு உள்ளது. அது 1962ஆம் ஆண்டு வரையில் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டினின்று அங்கே கொண்டுபோகப்பட்டோரிற் பெரும்பாலார் வட இந்தியர்; சென்னைத் துறைமுகத்தினின்று சென்ற தென்னாட்டாரும் அவர்களோடு இருந்தனர்.

1925ஆம் ஆண்டில் அத்தீவில் மாடுகள் பின்னங்கால் தளர்ந்து விழுந்து இறக்கத் தொடங்கின. தீவனத்தில் நஞ்சு கலந்திருக்க வேண்டுமென்று முதலிற் கருதினர். 1929ஆம் ஆண்டில் மனிதரிடையிலும் இனம் விளங்காத நோயொன்று தோன்றியது. காலில் மரமரப்பும் காய்ச்சலும் காணும்; பின்னர்க் கால்கள் செயலிழக்கும்; செயலின்மை இடுப்புக்கும் மார்புக்கும் ஏறும்; சில நாட்களில் மரணம் நேரும். இளம்பிள்ளை வாதமே இவ்வாறு வந்ததென்று வைத்தியர் எண்ணினர். அங்ஙனம் எண்ணியதிற் குற்றங்கூற இடமில்லை. அக்காலத்தில் தீவிலுள்ள நாய்களிடம் ஜலபயம் காணப்படவில்லை; இறந்தவர்களை நாய் கடித்ததாகச் சொல்வாரும் இல்லை. நாய் இல்லாத ஜலபயத்தை எவர்தாம் நினைப்பர்?

போர்ட் ஆவ் ஸ்பெயின் நகரத்து அரசாங்க வைத்தியசாலையில் நுண்கிருமி ஆராய்ச்சியாளராக இருந்தவர் ஜோசப் லெனாக்ஸ் பவான் என்பவர். 1887ஆம் ஆண்டில் அத்தீவிலேயே பிறந்து, எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்றுத் தாய்நாடு திரும்பியவர் அவர். நோயாளிகள் சொல்லிய சொற்களால் நோய் விளங்காமை கண்டு, இறந்தோரின் மூளையை நுண்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். நரம்பணுக்களினுள்ளே சிறு உருண்டைகள் தென்பட்டன. 1903ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு நெக்ரி என்பவர் ஜலபயத்திற்குரிய அடையாளமென்று கண்டு வெளியிட்ட உருண்டைகளே அவை. இலண்டன் மாநகரில் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வெஸ்டன் ஹர்ஸ்ட் என்பாரும் இதில் ஈடுபட்டார். இருவருஞ் சேர்ந்து 1931ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். மனிதரைக் கொன்றது இளம்பிள்ளை வாதமன்று. வாத வகையைச் சேர்ந்த ஜலபயமே என்பது உறுதியாயிற்று.

இனி, கடித்தது எது என்னும் வினா எழுந்தது. தென் அமெரிக்காவிலும் அதனை அடுத்த நாடுகளிலும் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உள்ளன. இவை மூன்று இனங்கள். அமெரிக்கக் கண்டத்திற்கு அப்பால் எங்கும் இல்லை. இவற்றுட் பெருவழக்காகக் காணப்படும் இனம் நம் கைவிரல் அளவினது. முப்பது நாற்பது கிராம் நிறையுள்ளது. நள்ளிருளில் உறங்கும் மாட்டையோ மனிதரையோ அணுகி, மூக்கினால் சூட்டை உணர்ந்து, இரத்தம் தோலுக்கு அண்மையில் ஓடுமிடத்தைக் கண்டறிந்து, கத்திபோன்ற முன்பற்களால் தோலைச் சிறிது சீவி, வழியும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். இரத்தம் உறையாதபடி செய்யும் பொருள் அதன் உமிழ்நீரில் இருத்தலால் குருதி நெடுநேரம் கசியும். உறங்குவோர் பெரும்பாலும் விழிப்பதில்லை. காலையில் கால்விரலில் இரத்தக்கறை கண்டால் வௌவால் தீண்டிற்று என்று துடைத்துவிட்டு வேலைக்குச் செல்வர். பழகிப்போன இச்சிறு காயத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை; ஆதலின் வைத்தியரிடம் சொல்லவுமில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தும் கண்ணிற் படாதிருந்தது இதனாலேயாம்.

வௌவாலின்மேல் ஐயங்கொண்டவர்களில் பவான் முதல்வர் அல்லர். பிரேசில் நாட்டில் 1911ஆம் ஆண்டிலேயே கரீனி என்னும் ஆராய்ச்சியாளர் அங்குள்ள மாடுகள் ஜலபயத்தால் இறப்பதைக் கண்டறிந்திருந்தார். வௌவால்கள் தம் இயல்புக்கு மாறாகப் பட்டப்பகலிற் பறந்து வந்து மாடுகளைக் கடித்தன என்று அந்நாட்டு மக்கள் கூறியதை அவர் புறக்கணிக்கவில்லை. ஆயினும் அறிவியலார் பலர் அதனை நம்பவில்லை. பவான் அவ்வையத்தை ஆராய்ச்சியால் தீர்த்தார். இயல்பு மாறி நடந்த வௌவாலின் மூளையில் நெக்ரி உருண்டைகளைக் கண்டார். நோயுற்ற வௌவால் கடித்தலால் பிற உயிர்களுக்கு நோய் பற்றுதலையும் சோதித்துக் காட்டினார். நோயே தோன்றாமல் சில வௌவால்கள் பல மாதம் கிருமியைச் சுமந்து திரியும் என்று அவர் கருதியதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இந்நோய் வௌவாலையும் கொல்லும் என்பதே இன்றைய கொள்கை. ஆயினும் அவர் நிலைநாட்டிய அடிப்படை உண்மை அசையவில்லை.

1925 முதல் 1935 வரையில் அத்தீவில் 89 மனிதரும் பல்லாயிரம் கால்நடைகளும் இந்நோயால் மாண்டனர். 1934ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மூன்று வழிகளில் முயன்றனர்: இரத்தம் குடிக்கும் வௌவால்களைப் பிடித்து அழித்தனர், மாட்டுக் கொட்டில்களுக்கு வலையடைப்பு இடுமாறு மக்களைத் தூண்டினர், கால்நடைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி இட்டனர். நோயின் வேகம் தணிந்தது.

பூச்சியுண்ணும் வௌவால்கள்

இரத்தம் குடிக்கும் வௌவாலுக்கே இக்கேடு உரியதென்று உலகத்தார் சில காலம் எண்ணியிருந்தனர். 1953ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வெண்ணம் தகர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ப்ளோரிடா மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுவனொருவனை மஞ்சள் நிற வௌவாலொன்று பகற்பொழுதிற் பாய்ந்து கடித்தது. அவ்வௌவால் பூச்சிகளையே உண்ணும் இனத்தது. பெற்றோர் அதனை எறிந்துவிடாமல் சோதனைக்கு அனுப்பியதால், அதன் மூளையில் நோய்க்கிருமி இருப்பது தெரியவந்தது; சிறுவனும் தக்க காலத்திற் சிகிச்சை பெற்றுப் பிழைத்தான். பின்னர் ஆராய்ந்த இடமெல்லாம், அந்நாட்டின் பல மாகாணங்களில் நோயுற்ற வௌவால்கள் காணப்பட்டன.

அந்நாட்டில் நாய்களுக்கு முறையாகத் தடுப்பூசி இட்டு, நாய்வழி ஜலபயத்தை ஒழித்துவிட்டதாக 2007ஆம் ஆண்டில் அறிவித்தனர். எஞ்சி நிற்பது பெரும்பாலும் வௌவாலே. 1960 முதல் 2018 வரையில் அங்கேயே நோய் பற்றிய 89 மனிதரில் 62 பேருக்கு அது வௌவாலிடமிருந்து வந்தது. அஃதாவது பதின்மரில் எழுவர். இத்தொகை ஆறு பத்தாண்டுகளுக்கு உரியதாகலின், நோய் அரிதென்பது விளங்கும். அரிதாயினும், அம்மரணங்களிற் பல தடுத்திருக்கக் கூடியவை என்பதே வருந்தத்தக்கது.

2021ஆம் ஆண்டில் நடந்ததைக் காண்க. செப்டம்பர் மாத இறுதி தொடங்கி நவம்பர் மாத நடு வரையில், ஆறு வாரத்திற்குள் மூவர் இறந்தனர். மூவருக்கும் ஆகஸ்டு மாதத்தில் வௌவாலின் தொடர்பு நேர்ந்திருந்தது. ஒருவரும் தடுப்பூசி பெறவில்லை. அவருள் இல்லினாய்ஸ் மாகாணத்து முதியவர் ஒருவர், உறக்கத்தினின்று விழித்தபோது தம் கழுத்தின்மேல் வௌவால் இருக்கக் கண்டார். அது பிடிக்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, நோயுள்ளதென்று தெரிந்தது, சிகிச்சை பெறுமாறு அவருக்கு அறிவுரையும் கூறப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். ஒரு மாதஞ் சென்றபின் கழுத்து வலியும், விரல்களில் உணர்வின்மையும், பேச்சுத் தடுமாற்றமும் தோன்றின. பின்னர் உயிர் நீங்கியது. சோதனைச்சாலையும் மருந்தும் அறிவுரையும் வாய்த்திருந்தும், தவணை வீணாயிற்று.

பிற தேசங்கள்

ஸ்காட்லாந்தில் 2002ஆம் ஆண்டு வௌவால்களைப் பேணிவந்த ஒருவர் வௌவாற்கடியால் ஜலபயங் கண்டு இறந்தார். பிரித்தன் தீவில் உள்நாட்டிலேயே இந்நோய் பற்றி மனிதர் இறந்தது 1902ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதன்முறை. அவரைப் பற்றிய கிருமி, நாய்களிடம் காணப்படும் கிருமிக்கு உறவினதே ஒழிய அதுவேயன்று.

ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய உறவுக்கிருமி ஒன்று 1996ஆம் ஆண்டில் பழந்தின்னி வௌவாலிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, வௌவால்களைப் பராமரித்த பெண்ணொருவர் அதனால் இறந்தார். 1998ஆம் ஆண்டில் இறந்த மற்றொரு பெண்ணை வௌவால் கடித்து 27 மாதங்கள் கழிந்திருந்தன. 2013ஆம் ஆண்டிற் சிறுவனொருவனும், 2025ஆம் ஆண்டில் வேறொருவரும் மாண்டனர். ஜலபயத் தடுப்பூசியே இவ்வுறவுக்கிருமியையும் தடுக்கின்றது என்பது ஆறுதலளிக்கும் செய்தி.

நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிலும் இவ்வகுப்பைச் சேர்ந்த கிருமியொன்று கண்டி நகரத்திற்கு அருகே பழந்தின்னி வௌவால்களிடம் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று. கன்னொறுவை என்னும் ஊர்ப்பெயரையே அதற்கு இட்டனர். நம் ஊர்களில் ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கும் பெருவௌவாலும் அவ்வினத்ததே. இதனைக் கேட்டு ஒருவரும் கலங்க வேண்டுவதில்லை. மரத்தில் தொங்கும் வௌவாலால் கீழே செல்வாருக்கு இந்நோய் வாராது. தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடுதல் மட்டும் ஒருபோதும் கூடாது. சிறுவர்க்கு இதனைத் தனியே எச்சரித்து வைத்தல் வேண்டும்.

காக்கும் வழிகள்

கடி நேர்ந்தவிடத்துச் செய்ய வேண்டுவன சிலவே. முதலாவது, காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் நன்றாகக் கழுவுதல். மிக எளிதாகத் தோன்றும் இச்செயல் நரம்பைச் சேருமுன்னே கிருமிகளிற் பெரும்பகுதியை அகற்றிவிடும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் முதலியவற்றை அப்புதல் தீமையே பயக்கும். இரண்டாவது, தடுப்பூசி. இந்தியாவில் தோலினுள் இடும் முறையில், தொடங்கும் நாளன்றும், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாட்களிலும் இடப்படுகின்றது. மூன்றாவது, இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துதல். தடுப்பூசியால் உடல் தன் காவற்படையைத் திரட்டச் சில நாட்கள் செல்லும். அதுவரையில் வாயிலைக் காக்கும் கூலிப்படை இம்மருந்து என்னலாம்.

முதியோர் பலர் ஜலபய ஊசியென்றால் இன்றும் அஞ்சுவர், காரணம் இல்லாமலில்லை. குன்னூரில் 1907ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் முதலிய இடங்களில் முற்காலத்தில் ஆட்டின் மூளையினின்று மருந்து செய்தனர். அதனை வயிற்றிற் பல நாள் தொடர்ந்து குத்தினர். நரம்புக்கு ஊறு நேர்தலும் உண்டு. 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. இக்காலத்து மருந்து உயிரணு வளர்ப்பினின்று செய்யப்படுவது, கையில் இடப்படுவது. பழைய அச்சத்தைக் காரணமாகக் கொண்டு புதிய மருந்தை விலக்குதல் அறிவுடைமையன்று.

வௌவாலைத் தொட நேர்ந்தாலே அதனைக் கடும் தீண்டலாகக் கருதிச் சிகிச்சை செய்க என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் விதித்துள்ளனர். அதன் பற்கள் ஊசிமுனை போன்றவையாதலால், காயம் கண்ணுக்குத் தெரியாமலே போகக்கூடும் என்பதே காரணம். அமெரிக்காவில், உறங்குவோர் அல்லது சிறுகுழந்தை இருந்த அறையில் வௌவால் காணப்பட்டால் அதனை வெளியே ஓட்டாமல், கையுறை அணிந்து பெட்டியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்புமாறு மக்களுக்குச் சொல்லிவைத்துள்ளனர். மூளையே சோதனைக்கு வேண்டுவதாதலின் தலையை நசுக்கலாகாது. வௌவாலுக்கு நோயில்லையென்று தெரிந்தால் ஊசி வேண்டுவதில்லை. உண்டென்று தெரிந்தால் தவணைக்குள் சிகிச்சை தொடங்கலாம். வௌவாலைக் கையாளும் ஆராய்ச்சியாளர், விலங்கு வைத்தியர் முதலியோர் முன்கூட்டியே தடுப்பூசி பெறுகின்றனர். அமேசான் காடுகளில் வைத்தியசாலைக்கு வர நாட்கணக்காகப் படகிற் செல்ல வேண்டிய குடிகளுக்கும் பெரு நாட்டு அரசாங்கத்தார் இவ்வாறே முன்னரே ஊசி இடுகின்றனர். கடித்தபின் ஓடிவர இயலாதார்க்குக் கடிக்குமுன் காப்பளித்தல் நேர்மையான முறையேயாம்.

வௌவால்களையெல்லாம் அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். பெரு நாட்டில் இரத்தம் குடிக்கும் வௌவால்களைப் பற்றி நிகழ்த்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகின்றது: வௌவால்களைக் கொன்ற இடங்களிலும் கிருமியின் நடமாட்டம் குறையவில்லை. கூட்டங் கலைந்தால் எஞ்சியவை இடம்பெயர்ந்து நோயையும் உடன்கொண்டு செல்லக்கூடும். மேலும், பூச்சியுண்ணும் வௌவால்கள் இரவுதோறும் பயிர்ப்பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவுகின்றன. பழந்தின்னி வௌவால்கள் மகரந்தம் பரப்பியும் விதை தூவியும் காடுகளை வளர்க்கின்றன. வௌவால்கள் அஞ்சுமென்று தீபாவளியிலும் வெடி வெடியாத சிற்றூர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. அவ்வூரார் செய்வது தகுந்ததே. வௌவாலுக்கு இடையூறு செய்யாமலும், அதனைத் தொடாமலும் வாழ்தலே இருபாலார்க்கும் நன்று.

முடிவுரை

உலகத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் ஜலபயத்தால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டுள்ளனர். அவரிற் பெரும்பாலார் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வோர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் தந்தது நாய். ஆதலின், நம் நாட்டில் நாய்களுக்குத் தடுப்பூசி இடுதலே தலையாய கடமை. வௌவாலின் வரலாறு அக்கடமையைக் குறைப்பதன்று. எந்த விலங்கு கடித்தாலும் செய்ய வேண்டுவது ஒன்றே: கழுவுதல், தெரிவித்தல், ஊசி பெறுதல்.

இவ்வரலாற்றிற் கல்வி கற்பார்க்கு ஒரு பாடமும் உண்டு. திரினிடாட் தீவில் நோயாளிகள் வௌவாற்கடியை மறைக்கவில்லை. அதனைச் சொல்லத்தக்க செய்தியென்றே அவர்கள் நினைக்கவில்லை. கேட்பாரும் நாயைப் பற்றியே கேட்டனர். கேள்வி குறுகியவிடத்து விடையும் குறுகிற்று. பவான் கேள்வியை விரித்தார். ஆகவே விடை கிடைத்தது. இன்று விடையும் மருந்தும் நம்மிடம் உள்ளன. ஊசிமுனை போன்ற ஒரு சிறு காயத்தை நம்மவர் ஒருவர் நம்மிடம் காட்டும்போது, அதனை அற்பமென்று தள்ளாது, எது கடித்தது, எப்பொழுது கடித்தது என்று கேட்டு, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோமாக. இந்நோயில் மறுநாள் என்று தள்ளுவது, திரும்பி வாராத தவணையைத் தள்ளுவதாகும்.